நீலத்தில் ஒரு பகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொட்டை மாடியில் பித்தளைச் சொம்பு வைத்து, காலை 8 முதல் மாலை 5 வரை மணிக்கொரு சயனோடைப் தாளாக (வெயில் பட்ட இடம் நீலமாகி, படாத இடம் அலசினால் வெள்ளையாகும் ரசாயனம் பூசிய தாள்) அதன் நிழலை எடுத்து, விசிறி மடிப்புப் புத்தகம் செய்கிறேன். சொம்பு நின்ற இடம் வெள்ளையாக வருகிறது. நிழலோ கலங்கிய நீலம். காலைத் தாளில் நிழலே விழவில்லை. ரசாயனக் கோளாறா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம்; தனித்தனியே 100 மில்லி நீரில் கரைத்து, பூசும்போது சம அளவு கலந்தால் சரி. சொம்படி வெளுத்திருப்பதே கரைசலும் அலசலும் பழுதில்லை என்று காட்டுகிறது.

சிக்கல் வானத்தில். இந்தத் தாள் புற ஊதாக் கதிருக்கு நீலமாகும். அந்தக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை, நீல வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. காலையிலும் மாலையிலும் பெரும்பங்கு வானத்தினுடையதுதான். ஆகவே, வெயில் படாத நிழலும் மெல்ல நீலமாகிறது.

சொம்பை விட்டுவிட்டு 4 செ.மீ. உயரமுள்ள அகலமான குங்குமச் சிமிழை வையுங்கள். சூரியன் 27 பாகை உயரத்தில் நிற்கும்போது நிழல் பொருளைப் போல் இரு மடங்கு நீளும். சொம்பு நிழல் தாளைத் தாண்டிவிடும். வெயில் வரும் பக்கத்தைத் திறந்துவிட்டு, மற்றப் பக்கங்களில் கறுப்புத் துணி கட்டி வானத்தை மறையுங்கள். தாளை எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது என்று உச்சிவெயிலில் சோதியுங்கள்: ஒரு துண்டுத் தாளை 2 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, அலசிப் பாருங்கள். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள்ளேயே சூரியன் இரண்டரைப் பாகை நகர்ந்து, நிழலின் ஓரம் மங்கிவிடும்.

சோதனையில் சரியாக வந்த அதே நிமிடக் கணக்கைப் பத்துத் தாளுக்கும் கொடுங்கள். வெளிறிய காலைப் பக்கத்தைக் கூடுதல் நேரம் கொடுத்துச் சரிக்கட்டினால், பகல் ஏறி இறங்குவது புத்தகத்தில் தெரியாது.

கேள்வி: மடித்த இடத்தில் தாள் வெடிக்கிறது; அடுக்கும் கோணலாகிறது.
– வாசகர், மதுரை

பதில்: தாளை இரு வாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் வாக்கிலேயே மடிப்பு வர வேண்டும். முதலில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு அழுத்துங்கள். கோணலுக்குக் காரணம் அளவு: மடிப்புக்கு 1 மி.மீ. பிசகினால் பத்தாவது பக்கத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. ஆகிவிடும். ஒவ்வொரு மடிப்பையும் முந்தைய மடிப்பிலிருந்து அளக்காமல், முதல் விளிம்பிலிருந்தே அளந்து குறியுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் வைத்த சயனோடைப் புத்தகம் வெளுத்துவிட்டது. மீட்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வெளிச்சத்தால் வெளுத்திருந்தால் பெரும்பாலும் மீளும். பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், காற்றுப் படும் இருட்டில் சில நாள் விரித்து வையுங்கள். ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்பும். மஞ்சளடித்திருந்தால் காரத்தன்மை அரித்திருக்கிறது, அது திரும்பாது. சோப்பு, கால்சியம் கார்பனேட் கலந்த தாள், உப்புக் கிணற்று நீர் மூன்றும் இதைச் செய்யும். அலசும் நீரில் சில சொட்டு வினிகர் விடுங்கள்.