1895ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புத் தாளை இன்றைய பிள்ளையால் செய்ய ஏலுமா? அந்தக் காலப் படிப்புத்தான் திறமா?

கேள்வி கேட்டவர், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சலைனா என்ற ஊரில் 1895 ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்த சோதனைத் தாளைக் காட்டி, "இதை நம் ஓ.எல். பிள்ளைகளால்கூடச் செய்ய ஏலாது, பள்ளிக்கூடப் படிப்பு இவ்வளவுக்கு மட்டமாகிவிட்டதா?" என்கிறார். உங்கள் பிள்ளை தரம் 8 அல்லது 9இல், தமிழ் மொழிமூலம், கொழும்பில் படிக்கிறது என்றும், வீட்டுப் பெரியவர் ஒருவர் இந்தத் தாளை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பிள்ளையின் முகம் வாடப் பேசியிருக்கிறார் என்றும் எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தாளை வைத்துப் பார்த்தால் படிப்பு மட்டமாகவில்லை. இரண்டு பழக்கங்களில் மட்டும் இறங்கித்தான் இருக்கிறது: கைக்கணக்கு ஒன்று, முழு வசனமாக எழுதுவது மற்றது. பழையதைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று இளம் ஆசிரியர்களோ, பழையதை இழிவுபடுத்துகிறேன் என்று ஓய்வுபெற்றவர்களோ கோபிக்க வேண்டாம். கீழே உள்ள கணக்குகளை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தத் தாளின் எண்கணிதப் பகுதிக்கு 10 வினா, 75 நிமிடம். ஒரு வினா இது: வண்டிப் பெட்டி 2 அடி ஆழம், 10 அடி நீளம், 3 அடி அகலம், எத்தனை புசல் (தானியம் அளக்கும் அளவை) கோதுமை கொள்ளும்? கனவளவு 60 கன அடி. ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம், ஆகவே 103,680. ஒரு புசல் 2,150.42 கன அங்குலம். வகுத்தால் ஏறத்தாழ 48.2 புசல். அடுத்த வினாவில் 3,942 இறாத்தல் பாரம், அதில் 1,050 இறாத்தல் வண்டியின் நிறை, புசல் 50 சதம், கோதுமையின் விலை என்ன? மிச்சம் 2,892 இறாத்தல். கோதுமை புசலுக்கு 60 இறாத்தல் என்பதால் அங்கேயும் 48.2 புசல், விலை 24 டொலர் 10 சதம். வினா எழுதியவர் ஒரே வண்டியை மனதில் வைத்துத்தான் இரண்டையும் எழுதியிருப்பார் போலும். தரம் 8 பிள்ளைக்கு இதில் புரியாத கணிதம் எதுவும் இல்லை. கனவளவும் கழித்தலும் வகுத்தலும்தான். 2,150.42, 60 என்ற இரண்டு எண்களும் தெரியாததால்தான் பிள்ளை நின்றுபோகிறது. கோதுமை விளையும் ஊரில் அந்த எண்கள் சமையலறைப் பேச்சு.

நிலக்கரி வினாவும் அப்படித்தான்: 6,720 இறாத்தல், தொன் 6 டொலர். 112 இறாத்தல் ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு தொன் என்று புறக்கோட்டைக் கடைகளில் கணக்கெழுதிய பழைய கிளாக்கர்மாருக்கு இது வாய்க்கணக்கு: 60 அந்தர், 3 தொன், 18 டொலர். அமெரிக்காவில் புழங்கும் 2,000 இறாத்தல் தொன்னை எடுத்தால் 20 டொலர் 16 சதம் வரும். எந்தத் தொன் என்று வினா சொல்லவில்லை. இன்று இப்படி ஒரு வினா வந்தால் தாள் வெளியான அன்றைக்கே முறைப்பாடு போகும்.

கொழும்புக்காரருக்கு மிகவும் நெருக்கமானது காணி வினா. சுற்றளவு 640 ரொட் உள்ள சதுரப் பண்ணை, ஏக்கர் 15 டொலர், மொத்த விலை என்ன? ஒரு ரொட் 16½ அடி. அந்த நீளத்தில் ஒரு சதுரம் போட்டால் 272¼ சதுர அடி. தெகிவளையிலும் வத்தளையிலும் காணி விளம்பரங்களில் வரும் பேர்ச் அதுவேதான். பக்கம் 160 ரொட், பரப்பு 25,600 பேர்ச், 160 பேர்ச் ஓர் ஏக்கர் என்பதால் 160 ஏக்கர், விலை 2,400 டொலர். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் ஒருவர் பெறக்கூடிய காணி இதே 160 ஏக்கர். அந்த அளவுக் காணிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு விடை கண்முன்னால் கிடந்தது. இந்தத் தாள் கடினமானதல்ல, அந்த ஊருக்குரியது. 1970களில் நாம் மெட்ரிக் முறைக்கு மாறியபோது பாடப்புத்தகத்திலிருந்து பழைய அளவைகள் போயின. காணிக் கந்தோரிலிருந்து பேர்ச் போகவில்லை. ஆகவே பிள்ளை வகுப்பில் சதுர மீற்றரும் வீட்டில் பேர்ச்சும் கேட்கிறது, இரண்டையும் இணைத்துக் காட்ட ஆள் இல்லை.

இனி மறுபக்கம். நம் தரம் 8 கணிதத்தில் அட்சரகணிதக் கோவைகள், தொடைகள் (sets), தெக்காட்டின் தளம், முக்கோணி அமைத்தல், அளவிடைப் படம், நிகழ்தகவின் தொடக்கம் எல்லாம் இருக்கின்றன. சலைனா எண்கணிதத் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஓ.எல். வரும்போது மடக்கை, தாயம் (matrix), வட்டத் தேற்றங்கள், கூட்டுவட்டி, பங்குச் சந்தை வரை போகிறது. முதலாம் தாளில் 25 சிறு வினாவும் 5 அமைப்பு வினாவும் 2 மணித்தியாலத்தில். இரண்டாம் தாளில் 12இல் 10 வினா 3 மணித்தியாலத்தில். 1895இன் பிள்ளையை இந்த மேசையில் இருத்தினால் அதுவும் வெறும் தாளைத்தான் கொடுக்கும்.

யார் சோதனை எழுதினார்கள் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில். அதற்கு முன்னர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் காசு கட்டியாக வேண்டும். 1946 குடிசன மதிப்பீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் 57.8 வீதம், 2012இல் 95.7 வீதம் (கணக்கெடுத்த வயது வரம்பு இரண்டிலும் ஒன்றல்ல, ஆனாலும் போக்கு தெளிவு). தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை அவற்றில் பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளோடு நின்றன. கட்டாயக் கல்வி வயது 1997 விதிகளில் 5 முதல் 14 வரை என்று வந்து, 2016இல் 16 ஆக உயர்ந்தது. தாத்தாவின் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை அன்று வயலிலோ கடையிலோ தேயிலை மலையிலோ நின்றது. இன்று அந்தப் பிள்ளையும் சோதனை எழுதுகிறது. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, தரம் குறைந்தது என்பது நியாயமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்த இரண்டு பழக்கங்கள் இறங்கியிருப்பது உண்மை. காரணம் பிள்ளையின் சோம்பல் அல்ல, நேரக் கணக்கு. ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்புக்கு வந்து, பிள்ளைகளை அமர்த்தி, கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்து காட்ட 10 நிமிடம் போய்விடும். 45 பிள்ளை இருந்தால் மிச்சம் 30 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 செக்கன். கொப்பி திருத்த ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் வகுப்புக்கு 90 நிமிடம். நாலு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு ஒரே தடவைக்கு 6 மணித்தியாலம். ஆகவே திருத்தம் சுருங்கி "சரி" அடையாளம் ஆகிறது. கட்டுரை சுருங்கிக் கீறிட்ட இடம் ஆகிறது. இதோடு தரம் 5 புலமைப்பரிசில் சேர்கிறது: முதல் வினாத்தாளில் 40 வினா, இரண்டாவதில் 60. தரம் 3இலிருந்தே கடந்தகால வினாத்தாள், டியூசன், டியூட் (டியூசனில் தரும் குறிப்புத்தாள்) என்று போகும் பிள்ளை, தந்த விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யப் பழகுகிறது. அதற்குக் கோடு போடத் தெரியும், வழி எழுதத் தெரியாது. ஓ.எல். கணிதத்தில் புள்ளி படிப்படியாகப் பிரிந்து கிடைக்கிறது. விடையை மட்டும் எழுதிய பிள்ளை, விடை பிழைத்தால் அந்தப் படிப் புள்ளிகளையும் சேர்த்தே இழக்கும்.

உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று வீட்டிலேயே அரை மணித்தியாலத்தில் பார்க்கலாம். கணிப்பானும் தொலைபேசியும் இல்லாமல், பழைய கொப்பி ஒன்றில்.

பருப்பு கிலோ 340 ரூபா, 750 கிராம் என்ன விலை? விடை 255. பிள்ளை 340ஐ 750ஆல் பெருக்கி 255,000 என்று வந்து எங்கே தசமம் போடுவது என்று தடுமாறினால், பெருக்கல் தெரிகிறது, அளவின் உணர்வு இல்லை. பழைய ஆட்கள் கால், அரை, முக்கால் வாய்ப்பாடு பாடமாக்கியவர்கள். 750 கிராம் அவர்களுக்கு முக்கால். 340இல் கால் 85, மூன்று கால் 255. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் "ஒரு கிலோ விலையை விடக் கூடுமா குறையுமா?" என்று கேட்டுப் பழக்கினால் தசமப் பிழையில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும்.

200,000 ரூபா, ஆண்டு வட்டி 9 வீதம், 8 மாதம். எளிய வட்டி 12,000. பிள்ளை 18,000 என்றால் மாதத்தை மறந்தது. 144,000 என்றால் 8ஐ ஆண்டாக எடுத்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காலத்தை முதலில் 8/12 என்று தனி வரியில் எழுதுவது.

7½ பேர்ச் காணி, முகப்பு 30 அடி. பின்னால் எவ்வளவு நீளம் போகும்? 7½ஐ 272¼ஆல் பெருக்கினால் 2,041 சதுர அடிக்குச் சற்றுக் கூட. 30ஆல் வகுத்தால் 68 அடி. இங்கே பிழைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் பரப்பையும் நீளத்தையும் குழப்புகின்றன. தரையில் கயிறு போட்டுக் காட்டுங்கள். கொப்பியில் காட்டினால் மறக்கும்.

சலைனா தாளின் எண்கணிதப் பகுதியில் கடைசி வினா காசோலை, கடனுறுதிச் சீட்டு, பற்றுச்சீட்டு மூன்றையும் எழுதச் சொல்கிறது. அந்தத் தாளில் நாம் உண்மையில் பொறாமைப்பட வேண்டிய வினா அது ஒன்றுதான். பிள்ளையிடம் 107,050 ரூபாவுக்குத் தமிழில் ஒரு பற்றுச்சீட்டு எழுதச் சொல்லுங்கள்: திகதி, யாரிடமிருந்து, எதற்காக, எழுத்தில் தொகை, கையொப்பம். ஒரு இலட்சத்து ஏழாயிரத்து ஐம்பது என்று எழுத வேண்டிய இடத்தில் பூச்சியம் வழுக்கும். அது இடப்பெறுமானக் குறை. தரம் 4 புத்தகத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டியது, அதில் வெட்கமில்லை.

கடைசியாக, பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்திலிருந்து எட்டு வசனம் சொல்வதெழுதுதல். அரை–அறை, வலி–வழி–வளி, மரம்–மறம் போன்றவை எங்கே பிழைக்கின்றன என்று பாருங்கள். பிழைத்த சொல்லை ஐந்து தரம் எழுதவைப்பது வீண். ஐந்தாவது தடவையில் கை எழுதும், மூளை எழுதாது. அந்தச் சொல்லை வைத்து ஒரு புதிய வசனம் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே தலையங்கத்தை 60 சொல்லில் சுருக்கச் சொல்லுங்கள். இதற்கு டியூசன் வேண்டாம். நாளுக்கு 15 நிமிடம், 5 நிமிடம் வாய்க்கணக்கு, 10 நிமிடம் எழுத்து, ஒரு தவணை விடாமல் நடந்தால் போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளின் புள்ளியில் இது விழுகிறது, யாரும் பேசுவதில்லை. நம் கணிதச் சொற்களின் அடித்தளம் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள். நாம் முக்கோணி என்கிறோம், தொடை என்கிறோம், தாயம் என்கிறோம். பிள்ளை இரவில் யூடியூப்பில் பார்க்கும் தமிழ்நாட்டுப் பாடத்தில் அவை முக்கோணம், கணம், அணி. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் அணி என்று படித்துவிட்டுப் போன பிள்ளை, வினாத்தாளில் தாயம் என்று கண்டதும் தெரியாத பாடம் என்று நினைத்து அடுத்த வினாவுக்குப் போகிறது. அதன்மேல் சிங்களத்திலிருந்து பெயர்த்த நீண்ட வினா வசனங்கள்: எழுவாய் ஓரிடம், பயனிலை மூன்று வரி தள்ளி. அதை இரண்டு தரம் வாசித்து விளங்கிக்கொள்ளப் போகும் நேரத்தை எந்தப் புள்ளித்திட்டமும் திருப்பித் தராது. பெரியவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் "பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவுகட்டுவது மனதை நோகச் செய்கிறது.

ஒரு மட்டையை இரண்டு பத்தியாகக் கோடு போட்டு மேசைக்கு மேலே ஒட்டுங்கள். இடப்பக்கம் நம் பாடப்புத்தகச் சொல், வலப்பக்கம் காணொளியில் வரும் சொல். புதுச்சொல் வரும்போதெல்லாம் பிள்ளையே எழுதட்டும். சோதனை விடைத்தாளில் இடப்பக்கச் சொல்லை மட்டும்தான் எழுத வேண்டும் என்று மட்டையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.