சிவப்பு அறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரேசில் கலைஞர் சில்டோ மெய்ரெலஸின் சிவப்பு அறையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். போன வாரம் மகளை ஒரு மாலில் ‘கலர் மியூசியம்’ என்று போட்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். தலைக்கு 400 ரூபாய். ஒரு அறை முழுக்க மஞ்சள், இன்னொன்று முழுக்க நீலம். பக்கெட், குடை, பிளாஸ்டிக் பந்து. பத்து நிமிடத்தில் ஐம்பது செல்ஃபி. நீங்கள் சொல்லும் அறையிலும் ஒரே நிறத்தில் சாமான்கள்தானே? அது கலை, இது வியாபாரம் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

முதல் அறையோடு திரும்பிவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லைதான். 2008இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அதைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். சோபா, கம்பளம், டைப்ரைட்டர், மாட்டியிருந்த ஓவியங்கள் எல்லாமே சிவப்பு. ஃப்ரிட்ஜுக்குள்ளும் அதே கதை. யாரோ பிடிவாதக்காரர் வீடு என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் கண் சலித்துவிட்டது. எங்கிருந்தோ தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த பகுதியில் தரையில் ஒரு சின்னக் குப்பி கவிழ்ந்து கிடக்கிறது. இருமல் மருந்து பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயிலிருந்து சிந்திய சிவப்பு தரையெல்லாம் பரவி இருட்டுக்குள் போகிறது. அந்தக் குப்பி இவ்வளவு கொள்ளாது. வீடு ஏன் இப்படிச் சிவந்தது என்று மனம் காரணம் தேடும் நேரத்தில் மெய்ரெலஸ் ஒரு காரணத்தை நீட்டுகிறார், கணக்கு உதைக்கிறது. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். உங்கள் மாலில் இந்தக் குப்பி இல்லை. அங்கே நிறம் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் கும்மிருட்டு. சாய்ந்து நிற்கும் ஒரு வாஷ்பேசின், குழாயிலிருந்து ஓயாமல் சிவப்பாகக் கொட்டுகிறது. முன்பு கேட்ட சத்தம் இதுதான். வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அந்த சோபாவைத் தாண்டும்போது சிரிப்பு வரவில்லை.

படைப்பின் பெயரைத் தமிழில் ‘செம்பெயர்ச்சி’ எனலாம், விலகிப்போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதைக் குறிக்கும் வானியல் சொல். 1967 முதல் 1984 வரையில் உருவானது. பிரேசிலில் ராணுவ ஆட்சி 1964இலிருந்து 1985 வரை. அதனால் இதை ரத்தம் என்றே பலரும் வாசிக்கிறார்கள். தவறில்லை, ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் அதுவும் குப்பியை நம்பியதுபோலத்தான்.

இப்போது அது பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாடின்யோ ஊரில் உள்ள இன்யோச்சிம் என்ற கலைத்தோட்டத்தில் நிரந்தரமாக இருக்கிறது. தோட்டத்தை உருவாக்கியவர் ஒரு சுரங்க முதலாளி. 2019 ஜனவரி 25 அன்று அதே ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் செத்தார்கள். ஊரின் ஒரு பகுதியை மூடிய சேறு செம்பழுப்பு. அறை முன்பே செய்யப்பட்டது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். இருந்தும் இன்று அங்கே போகிறவரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்பது சந்தேகம்.

குப்பியின் படம் இணையத்தில் கிடைக்கும். மகளிடம் காட்டுங்கள். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.