பிக்கப்புக்கு வீட்டிலேயே கோல்ட் ஏர் இன்டேக்: குழாயைத் தொடும் முன் தெர்மாமீட்டர்

கேள்வி: என்னிடம் 2.7 லிட்டர் பெட்ரோல் பிக்கப் இருக்கிறது. டர்போ கிடையாது. கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 3 அங்குல பி.வி.சி. குழாயும் கூம்பு ஃபில்டரும் போட்டு நானே கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் வழி) செய்யலாம் என்றிருக்கிறேன். பவரும் மைலேஜும் கூடுமா? எதில் கவனம் வேண்டும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் கிடைப்பது ஹாட் ஏர் இன்டேக். பெட்டியை எடுத்துவிட்டால் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே திறந்தபடி உட்காரும். பானெட்டுக்குள் சுற்றும் சூட்டைத்தான் இழுக்கும். கம்பெனி பெட்டியின் மூக்கு எங்கே போகிறது என்று ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். இப்போதைய பிக்கப்புகளில் பெரும்பாலும் அது ஃபெண்டருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோதான் முடியும். அதாவது உங்கள் வண்டி ஏற்கெனவே வெளிக்காற்றைத்தான் குடிக்கிறது.

எவ்வளவு லாபம் மிச்சமிருக்கிறது என்பதை வேலையில் இறங்கும் முன்பே அளந்துவிடலாம். சாதாரண வெப்பநிலையில் காற்று 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். வண்டியின் கம்ப்யூட்டர் அளவுகளைக் காட்டும் மலிவான ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி, 80 கி.மீ. வேகத்தில் கால் மணி நேரம் சீராக ஓட்டியபின் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். வெளி வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 டிகிரி என்றால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் 2 சதவீதம்கூடத் தேறாது. 20 டிகிரி என்றால் உழைப்புக்கு அர்த்தம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். நிற்கிற வண்டியில் எந்த இன்டேக்கும் சூடாகத்தான் இருக்கும்.

அடுத்தது, காற்றோட்டத்துக்கு நிஜமாகவே தடை இருக்கிறதா என்பது. ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) நடுவே ஒரு மெல்லிய டியூபைச் செருகி, மறுமுனையை யு வடிவில் வளைத்த தெளிவான டியூபில் சேர்த்து, அதில் பாதிக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடாதபடி யு-வின் ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் உயரமாவது இருக்கட்டும். பயணியர் இருக்கையில் ஒருவர் டியூபைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் பாதுகாப்பான காலிச் சாலையில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இரு கைகளிலும் நீர்மட்ட வித்தியாசம் 10 செ.மீ. என்றால் இழப்பு 1 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 1 சதவீதம். நிறைய தடை தெரிந்தால் முதலில் புதிய பேப்பர் ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பல வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

மைலேஜை மறந்துவிடுங்கள். சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை அடைத்து வைத்திருப்பதே அதுதான். அதற்கு முன்னால் வழியை அகலப்படுத்தி மிச்சமாகப் போவது ஒன்றுமில்லை. ஆனால் இன்டேக் சத்தம் கூடும். அந்த உறுமலைப் பவர் என்று நம்பிவிடுகிறவர்கள் நிறைய பேர்.

இனி குழாய். 2.7 லிட்டர் இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு அதிகபட்சம் 110 லிட்டர் சொச்சம் காற்று இழுக்கும். 76 மி.மீ. உள்விட்டக் குழாயில் அது நொடிக்கு 25 மீட்டர் வேகம். ஒரு மீட்டர் நீளக் குழாயைக் காற்று கடக்க 0.04 நொடிதான். அதற்குள் குழாய்ச் சுவரிலிருந்து பெரிதாகச் சூடேறாது. அதனால் அலுமினியமா பிளாஸ்டிக்கா, மேலே வெப்பத்தடுப்பு டேப் சுற்றுவதா என்ற விவாதமெல்லாம் இரண்டாம்பட்சம். பி.வி.சி.யை நான் வேண்டாம் என்பது வேறு காரணத்துக்காக: அது 60 டிகிரிக்கு மேல் தாங்குவதற்கு ஏற்றதல்ல, பானெட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம். தளர்ந்த குழாய் கிளாம்ப் இடத்தில் நெளிந்து கசியும். அலுமினிய வளைவும் சிலிக்கான் இணைப்பும் போதும். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடும் சுருக்குக் குழாயை ஃபில்டருக்குப் பின்னால் வரும் சுத்தமான பக்கத்தில் போடவே போடாதீர்கள்; அது கிழிந்தால் துண்டு நேராக இன்ஜினுக்குள் போகும்.

மிக முக்கியமான இடம் எம்.ஏ.எஃப். சென்சார். உள்ளே வரும் காற்றின் எடையை இன்ஜின் கம்ப்யூட்டர் இதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்துக்கு ஏற்ப எழுதப்பட்டது. அது 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே சென்சாரை 76 மி.மீ. குழாயில் பொருத்தினால் குறுக்குப் பரப்பு 37 சதவீதம் கூடிவிடும். சென்சாரைத் தொட்டுப் போகும் காற்றின் வேகம் குறையும். கம்ப்யூட்டர் உண்மையில் வரும் காற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகும். பவர் கூட்டப் போய்ப் பவரைத் தொலைப்பது இப்படித்தான். கம்பெனி சென்சார் குழாயை அப்படியே வெட்டாமல் பயன்படுத்துங்கள், அம்புக்குறியின் திசை மாறாமல். அதற்கு முன்னால் நேரான குழாய் கொஞ்சம் இருக்கட்டும். வளைவை ஒட்டிப் பொருத்தினால் சுழலும் காற்று அளவைக் குழப்பும். எண்ணெய் தடவும் ஃபில்டர் போட்டால் எண்ணெய் அளவோடு இருக்கட்டும். மிகுந்தால் சென்சார் கம்பியில் படியும். எம்.ஏ.எஃப். இல்லாமல், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் கணக்கிடும் வண்டிகளுக்கு இந்த விட்டச் சிக்கல் கிடையாது.

இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் ஹோஸையும் திறந்துவிடாதீர்கள். அது சென்சாருக்குப் பின்னால், கம்பெனி சேர்த்த அதே இடத்தில்தான் சேர வேண்டும். துளை போட்ட குழாயை உலோகத்தூள் துளியும் மிச்சமில்லாமல் கழுவுங்கள். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்திலாவது வளையும் ரப்பர் இணைப்பு வேண்டும்.

ஆகவே, அளவுகள் மோசமாக வந்தால் நான் செய்யச் சொல்வது இதுதான்: கம்பெனி பெட்டி, ஃபில்டர், சென்சார் மூன்றும் அப்படியே இருக்கட்டும், பெட்டிக்கு முன்னால் இருக்கும் மூக்கை மட்டும் மாற்றுங்கள். கிரில்லுக்குப் பின்னாலிருந்து அகலமான வழி ஒன்றைப் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். கூம்பு ஃபில்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அலுமினியத் தகட்டில் அதற்கொரு மூடிய அறை கட்டி, மேல் விளிம்பில் பானெட்டோடு ஒட்டும் ரப்பர் பட்டை வையுங்கள். பம்பருக்குள் தாழ்வாக மட்டும் இறக்காதீர்கள். பிக்கப் தண்ணீரில் இறங்கும் வண்டி. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புதிய வாய் பழைய மூக்கின் உயரத்துக்குக் கீழே வரக் கூடாது. வாகனச் சோதனை விதிகள் இன்டேக் மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொருத்தியபின் ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் டிரிம்மை (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) பாருங்கள். பழைய அளவைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது. பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ கலவை லீன் என்று சொல்லும் பி0171 குறியீடு வந்தாலோ, சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது சென்சார் சரியாக உட்காரவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டருக்கு அடுத்த குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் தெரிந்தால் அன்றே கம்பெனி அமைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, கசிவைத் தேடுங்கள்.