ஹூமியா சிவப்பு ஒயின்: ஆளுக்கொரு தீர்ப்பு, எதை நம்புவது?

கேள்வி: பார்சிலோனாவில் வசிக்கிறேன். போன மாதம் வீட்டு விருந்தில் ஏழு யூரோ விலையுள்ள ஹூமியா மொனாஸ்த்ரெல் சிவப்பு ஒயினைத் திறந்தோம். எனக்கு மிகவும் பிடித்தது. மைத்துனர் தொண்டை எரிகிறது, இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்றார். உடன் பணிபுரிபவர் மாட்டுத்தொழுவ வாடை அடிக்கிறது என்று கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். ஒயின் மதிப்பீட்டுச் செயலியில் ஐந்து நட்சத்திரமும் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது. 24 பாட்டில்களாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஐந்து யூரோ என்கிறார் கடைக்காரர். தங்கப் பதக்கம் பெற்றதாம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒயின் மட்டமானது என்பதல்ல காரணம். அந்த 24 பாட்டில்களில் இருப்பது நீங்கள் ருசித்த அதே ஒயின்தானா என்பது இன்னும் தெரியவில்லை.

முதலில் மைத்துனரின் எரிச்சலைப் பார்ப்போம். ஹூமியா, ஸ்பெயினின் தென்கிழக்கில் முர்சியாவிலும் அதை ஒட்டிய அல்பசேத்தே மாகாணத்திலும் விரிந்து கிடக்கும் வறண்ட மேட்டுநிலம்; ஆண்டு மழையே சுமார் 300 மில்லிமீட்டர்தான். தாமதமாகப் பழுக்கும் மொனாஸ்த்ரெல் திராட்சை அந்த வெயிலில் சர்க்கரையை நிறையச் சேர்த்துக்கொள்கிறது. நொதிக்கும்போது அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாகிறது. அதனால் 14.5, 15 சதவீதம் என்பது அங்கே வெகு சாதாரணம். இத்தகைய ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்ற பழைய அறிவுரையை ஜூலை மாதத்து பார்சிலோனா வீட்டில், 28 டிகிரியில் பின்பற்றினால், மூக்கில் முதலில் ஏறுவது ஆல்கஹால் ஆவிதான். பழ மணம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாட்டிலை ஒன்றரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 16 டிகிரி அளவில் மைத்துனருக்கு மறுபடி ஊற்றிக் கொடுங்கள். அப்போதும் எரிகிறது என்றால் அவருக்கு இந்த ரகம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம்.

தொழுவ வாடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மொனாஸ்த்ரெல், காற்றுப் படாமல் தொட்டியில் கிடந்தால் கந்தக வாடையைச் சேர்த்துக்கொள்ளும் குணமுள்ள திராட்சை; எரிந்த தீக்குச்சி, ரப்பர், சில நேரம் அழுகிய முட்டை என்றெல்லாம் அது தெரியும். அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். பாட்டிலைத் திறந்த உடனே ஊற்றிய கோப்பையை உங்களுடன் பணிபுரிபவர் குடித்திருப்பார். நீங்கள் உபசரித்து முடித்துக் கடைசியாகக் குடித்திருப்பீர்கள். இரண்டாவது காரணம் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட். அது உண்டாக்கும் தோல், குதிரை லாய வாடை எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. சிலருக்கு அதுவே பிடித்தமான வாசனை என்பதை நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

மூக்குகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரொட்டுண்டோன் என்ற வேதிப்பொருள் சில சிவப்பு ஒயின்களிலும் உண்டு. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை அதிக அளவில் கொடுத்தும் முகர முடியவில்லை. ஒருவர் மிளகுக் காரம் என்று எழுதும் ஒயினை இன்னொருவர் வெறும் கறுப்புப் பழச்சாறு என்று எழுதினால், இருவருமே உண்மையைத்தான் எழுதியிருக்கக்கூடும்.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். தயாரிப்பாளர் கட்டணம் கட்டி அனுப்பும் ஒயின்களே பெரும்பாலான போட்டிகளில் கலந்துகொள்கின்றன. வென்றபின் பாட்டிலில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கருக்கும் பல இடங்களில் தனியே பணம் கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் சிறு ஒயின் ஆலை வைத்திருந்த ராபர்ட் ஹாட்ஜ்சன், அம்மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அவர்கள் அறியாமல், ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார். 2008இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சீரான மதிப்பெண் தந்தவர்கள் சுமார் பத்து சதவீதத்தினரே. அதைவிட மோசமான தந்திரம் ஒன்று கடை அலமாரியில் தொங்குகிறது: 2019 அறுவடைக்கு விமர்சகரிடம் கிடைத்த, நூற்றுக்கு 92 புள்ளி என்ற அட்டையை 2021 பாட்டிலுக்குக் கீழே மாட்டி வைப்பது. அட்டையில் ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. செயலிகள் பலவும் எல்லா ஆண்டுகளையும் கலந்தே சராசரி போடுகின்றன. வெயில் கொளுத்திய ஆண்டின் கனத்த ஒயினுக்கும் மிதமான ஆண்டின் ஒயினுக்கும் ஒரே நட்சத்திரம் என்றால் அதில் என்ன பொருள் இருக்கிறது? 2023 டிசம்பர் 8க்குப் பின் தயாராகும் ஒயினில் சேர்மானப் பட்டியல் கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது, ஆனால் அதை க்யூஆர் குறியீட்டுக்குள் ஒளித்து வைக்கவும் அனுமதித்திருக்கிறது. பதக்க ஸ்டிக்கருக்கு மட்டும் பாட்டிலின் முகப்பில் தாராளமாக இடம் கிடைக்கிறது.

'வின்யாஸ் வியேஹாஸ்', அதாவது பழங்கொடிகள், என்று அச்சிட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். எத்தனை வயதானால் பழங்கொடி என்பதற்கு ஸ்பெயின் முழுமைக்கும் பொதுவான சட்ட வரையறை இல்லை. கனமான பாட்டிலும் அப்படித்தான், கண்ணாடிக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

பாட்டிலே கெட்டுப்போகும் ஒரு கோளாறை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்று, இரண்டு நட்சத்திரங்களில் சில இதனால் விழுபவை. இயற்கைத் தக்கையில் டிசிஏ என்ற பொருள் உருவாகி ஒயினில் இறங்கிவிடுவதுண்டு. அளவு கூடினால் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரப்பாசி வாடை வீசும். அதை எவரும் கண்டுபிடித்துவிடுவார். அளவு குறைந்தால்தான் சிக்கல்: வாடை எதுவும் தெரியாமல் பழ மணத்தை மட்டும் அது அமுக்கிவிடும். குடிப்பவர் 'சப்பென்று இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவார், பாட்டில் கெட்டிருந்தது அவருக்குத் தெரியாது. இதை உறுதிசெய்ய, அதே பெட்டியிலிருந்து இரண்டாவது பாட்டிலைத் திறந்து இரண்டையும் அருகருகே முகர்ந்து பாருங்கள். இரண்டாவதில் பழ மணம் எழுந்து முதலாவதில் எழவில்லை என்றால், குற்றம் தக்கையுடையது. நேரம் ஆக ஆகக் கந்தக வாடை குறையும், டிசிஏ வாடையோ கூடும். அந்தப் பாட்டிலைக் கொட்டாமல், மீதியுடன் மூடி கடைக்கே எடுத்துச் சென்று மாற்றிக் கேளுங்கள்.

அந்த ஐந்து யூரோ சலுகைக்கு வருவோம். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும், ஹூமியா ஒயின்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறைக் குழுவின் சிறு முத்திரைத்தாளைப் பாருங்கள். 'கிரியான்சா' என்றிருந்தால் ஸ்பெயின் சட்டப்படி சிவப்பு ஒயின் குறைந்தது 24 மாதம், அதில் ஆறு மாதமாவது மரப்பீப்பாயில் முதிர்ந்திருக்கும். சில ஆண்டுகள் தாங்கும். 'ஹோவென்' என்றிருந்தால் அது இளமையில் குடிக்க வேண்டிய ஒயின். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஹோவெனை மொத்தமாகத் தள்ளிவிடும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, தன் கிடங்கைக் காலி செய்கிறார். அது கோடையில் எந்தத் தகரக் கூரையின் கீழ் இருந்ததோ! நீங்கள் விருந்தில் குடித்த பாட்டிலின் அறுவடை ஆண்டையும், 'எல்' என்ற எழுத்தை ஒட்டி வரும் தொகுப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு போய், அந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு பாட்டிலை முழு விலைக்கே வாங்கி, குளிரவைத்துத் திறந்து பாருங்கள். ஒற்றைப் பாட்டிலாகத் தரமாட்டேன் என்று அவர் மறுத்தால், புது அறுவடை வைத்திருக்கும் வேறு கடையில் ஏழு யூரோ கொடுத்தே வாங்கிக்கொள்ளுங்கள்.