பைத்தானில் ஃபைலைப் பைட்டாகப் படித்து, இல்லாத என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) பெயரைக் கொடுத்து டீகோட் செய்தால் (எழுத்தாக மாற்றினால்) சில ஃபைலுக்கு எரர் வருகிறது, சில ஃபைலுக்கு வருவதில்லையே, ஏன்?

எரர் வராத ஃபைல்களைத் திறந்து பாருங்கள். காலியாக இருக்கும், பந்தயமே கட்டலாம்.

வெற்று பைட்டை டீகோட் செய்யச் சொன்னால், பைத்தான் நீங்கள் கொடுத்த என்கோடிங் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'உப்புமா' என்று கொடுத்தாலும் வெற்று ஸ்ட்ரிங் வந்துவிடும். உள்ளே ஒரே ஒரு பைட் இருந்தால் லுக்கப்எரர், அதாவது 'அப்படி ஒரு என்கோடிங்கே இல்லை' என்ற எரர். ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கை அதே உப்புமாவில் என்கோட் செய்து பாருங்கள், அங்கே ஒழுங்காக எரர் வரும்!

"டாக்குமென்டேஷனில் போட்டிருக்கே, படிக்கலையா?" என்று ஒருவர் கமென்டில் வருவார். படித்தேன் ஐயா. வேகத்துக்காக, வெற்று ஸ்ட்ரிங் என்றால் என்கோடிங் பெயரைச் சில சமயம் கண்டுகொள்வதில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 3.9-இலிருந்து டெவலப்மென்ட் மோடில் ஓட்டினால் சோதிக்கும். எழுதி வைத்துவிட்டால் மட்டும் முரண்பாடு சரியாகிவிடுமா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், முன்பு வேலை பார்த்த இடத்தில் பழைய திஸ்கி (யூனிகோடு பரவுவதற்கு முன்பு இருந்த ஒரு தமிழ் என்கோடிங்) கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை வந்தது. டீமில் ஒருவர் பைத்தானில் திஸ்கி என்றே பெயர் கொடுத்து எழுதிவிட்டார். பைத்தானோடு வரும் கோடெக்குகளில் (என்கோட், டீகோட் செய்யும் பகுதிகளில்) திஸ்கி கிடையாது என்று ரிவ்யூவில் சொன்னேன். "டெஸ்ட் பாஸ் ஆகுதே, நீ எதுக்குத் தடுக்கிற?" என்றார் மேனேஜர். டெஸ்ட் ஃபைலைத் திறந்தால் சைஸ் 0. அவர் முன்னாலேயே அதில் ஓர் எழுத்தைத் தட்டி ஓட்டினேன், புரோகிராம் படுத்துவிட்டது. இத்தனைக்கும் எழுத்தாக மாற்ற முடியாதபோது வரும் யூனிகோட்எரரைப் பிடிக்க எக்செப்ட் எல்லாம் போட்டிருந்தார்கள். யூனிகோட்எரர் என்பது வேல்யூஎரரில் ஒரு வகை; லுக்கப்எரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எப்படிப் பிடிபடும்? கடைசியில் லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் கட்டளையால் மாற்றினோம். அதற்குத் திஸ்கி தெரியும்.

உங்களுக்கு வழி: புரோகிராம் தொடங்கும்போதே கோடெக்ஸ் மாட்யூலின் லுக்கப் ஃபங்ஷனில் பெயரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பேஸ்64 (எந்த பைட்டையும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) போன்றவை அதிலும் தப்பிவிடும், டீகோட் செய்யும்போதுதான் 'இது டெக்ஸ்ட் என்கோடிங் இல்லை' என்று முறைக்கும்.

பைத்தானை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கு அதில்தான் சோறு. ஜாவாவில் இதே தப்புக்குப் பழைய கெட்பைட்ஸ் ஒரு செக்டு எக்செப்ஷனை (கையாண்டே ஆக வேண்டும் என்று கம்பைலர் கேட்கும் எரர்) தரும், சார்செட் கிளாஸின் ஃபார்நேம் வேறொரு அன்செக்டு எக்செப்ஷனை (அப்படிக் கேட்காத எரர்) தரும். பிஎச்பியில் எம்பி_கன்வெர்ட்_என்கோடிங் 8.0-க்கு முன்பு வெறும் வார்னிங் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும், இப்போது வேல்யூஎரர்.

திஸ்கிக்காவது முறையான பெயர் இருக்கிறது. இன்றைக்கும் பாமினி ஃபான்டில் அடித்து அனுப்புகிறார்களே, அவர்களை என்ன செய்ய? தமிழ் தெரிவது ஃபான்டில் மட்டும்தான், ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. யூடிஎஃப்-8 என்று கொடுத்தாலும் ஆஸ்கி என்று கொடுத்தாலும் எரரே இல்லாமல் குப்பை வந்து விழும். கேட்டால், "எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே தெரியுது" என்கிறார்கள்.