கேமிங் லேப்டாப் சூடாகித் திணறுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: கேம் ஓடும்போது சிபியு (பிராசசர்) 92 டிகிரி காட்டுகிறது. லேப்டாப் கெட்டுவிடுமா அண்ணா?

பதில்: கெடாது. கேமிங் லேப்டாப்பில் 85, 90 எல்லாம் சாதாரணம். பெரும்பாலான பிராசசர்களுக்கு 95 முதல் 105 டிகிரிக்குள் ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டை மட்டும் பார்க்காமல், கிளாக் ஸ்பீடு, அதாவது பிராசசர் ஓடும் வேகம், குறைகிறதா என்றும் பாருங்கள். குறையவில்லை என்றால் நிம்மதியாக விளையாடலாம்.

கேள்வி: முதல் பத்து நிமிடம் 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு). அப்புறம் 35க்கு விழுகிறது. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பயனில்லை.

பதில்: விண்டோஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் சிபியு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இரண்டுக்கும் சூடு, கிளாக், வாட் (இழுக்கும் மின்சாரம்) மூன்றையும் பதிவு செய்தபடி விளையாடுங்கள். எஃப்பிஎஸ் விழும் நேரத்தில் சூடு வரம்பைத் தொட்டிருந்தால் கோளாறு குளிரூட்டலில். சூடு 70லேயே நிற்க, வாட் மட்டும் சட்டென்று குறைந்தால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். லேப்டாப் கேட்கும் வாட்டைவிடக் குறைந்த சார்ஜர் போட்டாலும் இப்படித்தான் ஆகும்.

சூடுதான் காரணம் என்றால் முதலில் தூசி. விசிறிக்கும் ஹீட்சிங்கின் (சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகளுக்கும் நடுவே அது அடையாக அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் முழுசாக வராது. அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், மாற்ற வேண்டும். சில மாடல்களில் பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் இருக்கும். அது மின்சாரம் கடத்தும். போர்டில் ஒரு துளி சிந்தினாலே ஷார்ட் ஆகிவிடலாம். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வாரண்டி இருந்தால் திறக்கும் முன்பே நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: கூலிங் பேட் (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டு) வாங்கலாமா?

பதில்: முதலில் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்கள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும், இதிலேயே சில டிகிரி குறையலாம். மெத்தைமேல் வைத்து விளையாடுகிறவர்கள் பேட் பற்றிக் கேட்கவே கூடாது!

கேள்வி: திறக்கப் பயமாக இருக்கிறது. செட்டிங்கில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும், அதற்கு 140 எஃப்பிஎஸ் வீண் சூடு. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 சதவீதமாக்கினால் பொதுவாக டர்போ (பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். சூடு நன்றாகவே இறங்கும். ஜிபியுவை நம்பி ஓடும் கேம்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, சிபியுவைப் பிழியும் கேம்களில் தெரியும்.

கேள்வி: எனக்கு 60 டிகிரிதான், ஆனால் ஆரம்பத்திலிருந்தே மந்தம்.

பதில்: கேம் ஒருவேளை பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓடுகிறதோ என்னவோ. விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்கில் அந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். பிறகு ரேம்: ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் என்றால், அதே அளவில் இன்னொன்று சேர்ப்பது நல்ல செலவு.

கேள்வி: டச்பேட் லேசாக மேலே எழும்பியிருக்கிறது. சூட்டினாலா?

பதில்: பேட்டரி வீங்கியிருக்கலாம். இப்போதே ஷட் டவுன் செய்யுங்கள். சார்ஜ் போட வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். எஃப்பிஎஸ் கதையை அப்புறம் பார்க்கலாம்.