காற்றுத் துப்பாக்கிப் பிடியில் வெப்பநெகிழி கழன்றுவருவது குறித்து

வணக்கம். பத்து மீட்டர் தூரப் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கியின் (ஏர் ரைஃபிள்) மரப்பிடிமேல் நீங்கள் பொருத்திய பாலிகாப்ரோலாக்டோன் என்ற, வெந்நீரில் இளகும் நெகிழி ஒரே வாரத்தில் கழன்றதாகவும், வெயிலில் நின்ற காருக்குள் மிச்சமும் உருக்குலைந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவதற்குக் காரணம் எளிது: அந்த நெகிழி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும், மூடிய காரில் அந்த வெப்பம் அரிதல்ல.

கழன்றதற்கு வார்னிஷே காரணம் என்று கருதுகிறேன். வழவழப்பான பரப்பில் இந்த நெகிழி ஒட்டாது, கவ்வித்தான் நிற்கும். எனவே, குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து பிடியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றியபின், வார்னிஷை முரட்டு உப்புத்தாளால் நீக்கி, ஆழமற்ற சாய்வான துளைகள் சிலவற்றை இட்டு, ஹேர் டிரையரால் மரத்தைச் சற்றுச் சூடாக்குங்கள். நெகிழி மணிகளை 65 முதல் 70 டிகிரி நீரில் இட்டு, வெண்மை மறைந்து கண்ணாடிபோல் தெளிந்ததும் எடுத்து, நீரை முழுவதும் ஒற்றிவிட்டு, துளைகளுக்குள் புகும்படி அழுத்துங்கள்.

பிடியை உடனே மாட்டி, மேசையருகே அமர்ந்தல்ல, சுடும் நிலையில் நின்றபடியே, வழக்கமான மென்மையுடன் பற்றுங்கள்; இறுக்கிப் பிடித்தால் பள்ளங்கள் ஆழமாகி, பின்னர் விரல்களைச் சிறைப்படுத்தும். விசைவிரல் மட்டும் எதையும் தொடாமல், நேர் பின்னோக்கி அசைய இடம் விடுங்கள். நெகிழி மீண்டும் வெண்மையாகும்வரை கையை எடுக்காதீர்கள்.

போட்டிக்குச் செல்வதானால், கட்டைவிரல் தாங்கியோ உள்ளங்கை வழுக்காமல் தடுக்கும் புடைப்போ வைக்காதீர்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் சர்வதேச விதிகள் இரண்டையும் அனுமதிப்பதில்லை.